ஒரு டப்பா ஹேர் டை, மூன்று வழக்கு

சந்திரம்மாள் திருடியது ஒரே ஒரு முறை. நீதிமன்றத்துக் கோப்புப்படி மூன்று முறை. மிச்சம் இரண்டும் எங்கிருந்து வந்து சேர்ந்தன என்று எட்டு மாதமாக விளக்கிப் பார்த்துவிட்டேன். கேட்க வேண்டியவர்கள் யாரும் கேட்கவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

என் பெயர் கலியமூர்த்தி. டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். இருபத்தாறு வருடமாகக் கோப்புகளை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்பி, அவை திரும்பி வரும்போது வரவேற்றுக்கொண்டிருக்கிறேன். குடியிருப்பது கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில். சந்திரம்மாள் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டான். மேகலா என்று ஒரே மகள், பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு. அம்மாவும் பெண்ணும் ரயில் பாதை ஓரத்தில் ஒரு ஜுக்கிக் குடிசையில் இருக்கிறார்கள். கதவு என்று ஒரு தகரம், அதற்கு உள்பக்கம் ஒரு கயிறு.

பக்கத்தில் புதிதாக எழும்பிய அடுக்குமாடியில் ஒரு மேம்சாப் வேலைக்கு ஆள் தேடினார். நல்ல சம்பளம். ஆனால் நாற்பது வயதைத் தாண்டியவர்களை அனுப்ப வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவைத்திருந்தார். லிஃப்டில் பார்க்க நன்றாக இருக்காதாம். சந்திரம்மாளுக்கு நாற்பத்தாறு. உடம்பு இன்னும் ஓடியாடும், தலை மட்டும் முழுக்க வெளுத்துவிட்டது. மேம்சாபைப் பார்க்கப் போவதற்கு முதல் நாள் சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனாள். ஒரு டப்பா ஹேர் டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள். வாசலில் பிடித்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டுக் குளியலறையில் அதே கம்பெனி டப்பா எப்போதும் இருக்கும். என் தலை கறுப்பாக இருப்பதற்கு அதுதான் காரணம். அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கலாமே என்று என் மனைவி பூங்கோதை பிறகு ஒரு நாள் அவளிடம் கேட்டாள். "வேல செய்யற வூட்ல கை வெக்கலாமாம்மா?" என்றாள் சந்திரம்மாள்.

நிரந்தர முகவரியும் அரசாங்க அடையாள அட்டையும் உள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார்கள். அவளுக்குத் தெரிந்தவர்களில் அப்படி இருந்தவன் நான் ஒருவன். இப்படித்தான் நான் உள்ளே வந்தேன், தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு.

முதல் நாள் இருந்த மாஜிஸ்திரேட் வயதானவர், சாந்தமானவர். நீ அந்தப் பொருளை எடுத்தாயா என்று இந்தியில் கேட்டார். "எடுத்தேங்க" என்றாள் சந்திரம்மாள். அவளுக்கு இந்தி நன்றாகவே வரும், ஆனால் பயத்தில் தமிழில் சொல்லிவிட்டாள். நான் இந்தியில் சொன்னதும் அறையில் வேலை நின்றது. மாஜிஸ்திரேட்டுக்குக் கீழே உட்கார்ந்து கோப்பு எடுத்துக் கொடுப்பவரை ரீடர் என்பார்கள். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். பதினொரு வருடத்தில் இந்த அறையில் இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். அரசு வக்கீலுக்குத்தான் வருத்தம். இரவெல்லாம் தயாரித்த வாதம் வீணாகிவிட்டதாம்.

புதிய சட்டத்தில் சின்னத் திருட்டுக்கு, முதல் முறையென்றால், ஜெயில் இல்லை. பொருளைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்து ரசீது தாக்கல் செய்தால் மூன்று நாள் சமூக சேவை, அதோடு முடிந்தது என்றார் மாஜிஸ்திரேட். சமூக சேவை என்றால் என்னவென்று சந்திரம்மாள் என்னிடம் கேட்டாள். பெருக்குவது, துடைப்பது மாதிரி என்றேன். "அது தெனமும் செய்யறதுதானே சார்" என்று அவள் நிம்மதியானாள். எனக்கும் நிம்மதிதான். மதியத்துக்குள் ஆபீஸ் போய்விடலாம்.

பொருள் போலீஸ் ஸ்டேஷன் மால்கானாவில் இருந்தது. பறிமுதல் செய்ததையெல்லாம் அடைத்துவைக்கும் அறைக்கு அந்தப் பெயர். டப்பாவை வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்து, அரக்கு முத்திரை குத்தி, எண் போட்டு வைத்திருந்தார்கள். அவ்வளவு மரியாதை அந்தக் கம்பெனியே அதற்குக் கொடுத்திருக்காது. பொறுப்பில் இருந்த ஹெட் கான்ஸ்டபிள், வழக்கு முடிந்தால்தான் பொருள் வெளியே போகும் என்றார். பொருள் கடைக்குப் போனால்தான் வழக்கு முடியும் என்றேன். அதுவும் சரிதான் என்று ஒப்புக்கொண்டார். ஒரு நிமிடம் என் ஆபீசிலேயே இருப்பதாகத் தோன்றியது.

ரீடரிடம் போனோம். அவர் நல்ல மனிதர், வழி சொன்னார். சட்டத்துக்குத் தேவை ஒரு டப்பா. அதே கம்பெனி, அதே நிறம், ஒன்று வாங்கிக் கடையில் கொடுத்து ரசீது வாங்கி வந்துவிட வேண்டியது, எந்த டப்பா என்று யார் பார்க்கப்போகிறார்கள் என்றார். எங்களுக்கும் அது புத்திசாலித்தனமாகப் பட்டது.

சந்திரம்மாள் கரோல் பாக் போய் நடைபாதைக் கடைக்காரரிடம் அதே டப்பாவை வாங்கினாள். நடைபாதையில் பில் தருவதில்லை. அதை எடுத்துக்கொண்டு நேராக சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், திருப்பித் தர வந்திருக்கிறேன் என்றாள். கவுண்டரில் இருந்த பெண் பில்லைக் கேட்டாள். பில் இல்லை, இது திருடின பொருளுக்குப் பதில் என்று சந்திரம்மாள் பொறுமையாக விளக்கினாள். பில் இல்லாமல் எதையும் திரும்ப எடுக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. வாடிக்கையாளர் சேவைக்குப் போகச் சொன்னாள். அங்கே மொபைல் எண்ணைக் கேட்டு, உங்கள் பெயரில் எதுவும் வாங்கியதாகப் பதிவே இல்லையே என்றார்கள். மேனேஜர் லீவு. பேசாமல் அலமாரியில் வைத்துவிட்டு வந்திருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் நீதிமன்றத்துக்கு ரசீது வேண்டுமே. நாளைக்கு வரலாம் என்று டப்பாவைக் கையில் பிடித்தபடியே வெளியே நடந்தாள்.

வாசலில் அவள் புகைப்படத்தை ஒட்டிவைத்திருந்தார்கள். செக்யூரிட்டி படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கையிலிருந்த டப்பாவைப் பார்த்தான். பில் கேட்டான். டப்பாவோடு அவள் உள்ளே போனதைக் காட்ட வேண்டிய கேமரா மூன்று வாரமாக ரிப்பேர். வெளியே வருவதைக் காட்டும் கேமரா பிரமாதமாக வேலை செய்தது. இது இரண்டாவது வழக்கு.

சட்டத்தில் இதற்குத் தனிப் பத்தி இருக்கிறது. இரண்டாவது முறை திருடியதாகத் தீர்ப்பானால் சமூக சேவை கிடையாது. குறைந்தது ஒரு வருடம் கடுங்காவல். மாஜிஸ்திரேட் நினைத்தாலும் குறைக்க முடியாது. இதை நான் சொன்னபோது சந்திரம்மாள் எங்கள் சமையலறையில் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "ஒரு வருஷம் மேகலாவ யார்கிட்ட சார் வுடுவேன்?" என்று மட்டும் கேட்டாள். தகரக் கதவுக்குப் பின்னால் வயசுப் பெண் தனியாக ஒரு வருடம். எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். குவார்ட்டர்ஸில் வெளியாட்களைத் தங்கவைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதி எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

விசாரணை அதிகாரி கடமை தவறாதவர். சம்பவம் நடந்த இடத்தைக் குற்றவாளியே அடையாளம் காட்டினால் கோப்பு பலமாகும் என்று ஒரு கான்ஸ்டபிளோடு அவளைக் கடைக்கு அனுப்பினார். அலமாரியைக் காட்டச் சொன்னார் கான்ஸ்டபிள், காட்டினாள். எப்படி எடுத்தாய் என்றார். எடுத்தாள். எங்கே வைத்தாய் என்றார். இடுப்பில் செருகினாள். எந்த வழியாகப் போனாய் என்றார். நடந்தாள். ஒவ்வொன்றையும் அவர் மொபைலில் படம் எடுத்தார். அவள் வாசலை எட்டும் நேரத்தில் அவருக்கு ஒரு ஃபோன் வந்தது. பேசிக்கொண்டே சாயா குடிக்கப் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டார். வாசலில் புது செக்யூரிட்டி, அவளைப் பிடித்துவிட்டான். கடைக்காரர்கள் இப்போதெல்லாம் ஸ்டேஷனுக்கு நேரில் போவதில்லை, ஆன்லைனில் புகார் கொடுத்துவிடுகிறார்கள். கான்ஸ்டபிள் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் புகாருக்கு எண் விழுந்துவிட்டது. எண் விழுந்துவிட்டால் அழிக்க யாருக்கும் அதிகாரமில்லை. கான்ஸ்டபிள் எடுத்த படங்களே மூன்றாவது வழக்கில் முக்கிய ஆதாரமாயின.

ஆக, ஒரு முறை திருடினாள், ஒரு முறை திருப்பிக் கொடுக்கப் போனாள், ஒரு முறை போலீசுக்குச் செய்துகாட்டினாள். மூன்றுக்கும் தனித்தனியாக ஜாமீன் கையெழுத்துப் போட்டது நான்தான். என் தற்செயல் விடுப்பு முழுவதும் தீர்ந்து, ஈட்டிய விடுப்பில் கை வைத்திருந்தேன்.

இதற்கிடையில் சாந்தமான மாஜிஸ்திரேட் மாற்றலாகிப் போனார். போகிற அவசரத்தில் முதல் வழக்கின் உத்தரவில் கையெழுத்துப் போட மறந்துவிட்டார். கையெழுத்து இல்லாததால் அவள் ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதாகாது, முதலிலிருந்து கேட்க வேண்டும் என்றார் புதியவர். வேலை சுலபமாகட்டும் என்று மூன்று வழக்கையும் ஒன்றாகச் சேர்த்தார். சின்ன வயது, சுறுசுறுப்பானவர். கடைப் பொருள்களைத் தன் எதிரில் பிரிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

மூன்று துணிப் பொட்டலங்கள் வந்தன. ஹெட் கான்ஸ்டபிளே கொண்டுவந்தார். முதல் பொட்டலத்தின் அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. உள்ளே டப்பாவும் இருந்தது. டப்பாவுக்குள் இருந்த பாக்கெட்டுகள் மட்டும் காலி. எல்லோரும் ஹெட் கான்ஸ்டபிளைப் பார்த்தோம். முதல் தடவை பார்த்தபோது உப்பும் மிளகுமாக இருந்த அவருடைய மீசை கன்னங்கரேலென்று இருந்தது. கோடையில் மால்கானா மிகவும் சூடாகிவிடும், பொருள் ஆவியாகியிருக்க வேண்டும் என்றார். மாஜிஸ்திரேட் மீசையை ஒரு முறை பார்த்துவிட்டு, இயற்கையான ஆவியாதல் என்று பதிவு செய்யச் சொன்னார். திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருளே இல்லாமல் போனதால் சமூக சேவை என்ற பேச்சும் அங்கேயே முடிந்தது.

அரசு வக்கீல் எழுந்தார். இம்முறை தன் வாதத்தை யாரும் பறித்துக்கொள்ளப் போவதில்லை என்ற தெம்பு அவரிடம் தெரிந்தது.

"கனம் கோர்ட்டார் கவனிக்க வேண்டும். மூன்று முறையும் ஒரே கடை, ஒரே அலமாரி, ஒரே நிறம். சாதாரணத் திருடர்கள் மாற்றி மாற்றி எடுப்பார்கள். இவரிடம் ஓர் ஒழுங்கு இருக்கிறது. இரண்டாவது டப்பாவைக் காசு கொடுத்து வாங்கினேன் என்கிறார். பில் இல்லாத பொருள் திருட்டுப் பொருள் இல்லாமல் வேறென்ன? மூன்றாவது முறை போலீஸ்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே திருடியிருக்கிறார். போலீசுக்கு முன்னால் பயமில்லாமல் திருடக்கூடிய தகுதி எல்லோருக்கும் கிடையாது. அது இந்தப் பெண்மணிக்கு எங்கிருந்து வந்தது?"

அவர் கையில் ஒரு பெரிய கடிகாரம் இருந்தது. அதற்குப் பில் இருக்கிறதா என்று கேட்க நாக்கு துடித்தது. ஜாமீன்தாரர் பேசக் கூடாது என்பதால் பேசாமல் இருந்தேன்.

சட்ட உதவி மையத்திலிருந்து சந்திரம்மாளுக்குக் கொடுத்திருந்த வக்கீல் அனிருத். டெல்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். தமிழை யோசித்து யோசித்துப் பேசுவான். அவன் எழுந்திருப்பதற்குள் மாஜிஸ்திரேட் கையமர்த்தினார். அவர் குரலில் கோபமே இல்லை. களைப்புதான் இருந்தது.

"இந்த அறையில் ஆறாயிரம் வழக்கு நிலுவை. அத்தனை பேரும் நான் செய்யவில்லை என்கிறார்கள். சாட்சி வருவதில்லை. வந்தால் ஞாபகம் வருவதில்லை. நான் யாரைத்தான் தண்டிப்பது? மாதக் கடைசியில் முடித்த வழக்கு எத்தனை என்று மேலே அறிக்கை அனுப்ப வேண்டும். ஒப்புக்கொள்கிறவர்களை நம்பித்தான் நீதித்துறை ஓடிக்கொண்டிருக்கிறது. சந்திரம்மாள், உன்னைப் போன்றவர்கள்மேல் எங்களுக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. சொல், ஒப்புக்கொள்கிறாயா?"

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பள்ளிச் சீருடையில் மேகலா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அன்று அவளுக்கு ஏதோ பரீட்சை, போகாமல் வந்துவிட்டாள்.

"மொத தபா எடுத்தேங்க. மத்த ரெண்டும் எடுக்கல" என்றாள் சந்திரம்மாள்.

இதைவிடச் சரியான பதிலை யாரும் சொல்ல முடியாது. தட்டச்சு செய்கிறவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி, அப்படி ஒரு பதில் இதில் இல்லையே என்றார். சேர்த்த வழக்குகளுக்குத் திரையில் ஒரே ஒரு கட்டம். அழுத்தினால் இரண்டு பதில் காட்டும். ஒப்புக்கொள்கிறார், ஒப்புக்கொள்ளவில்லை. மாஜிஸ்திரேட் எட்டிப் பார்த்து அது உண்மைதான் என்று உறுதி செய்தார். வழக்குகளைத் திரும்பப் பிரிக்க முடியாதா என்று அனிருத் கேட்டான். பிரிக்கலாம், மேலிடத்துக்கு எழுத வேண்டும், ஆறு மாதம் ஆகும் என்றார் ரீடர். மூன்று வழக்குள்ள ஆளை அதுவரை வெளியே விட முடியாது, உள்ளே இருக்கட்டும் என்றார் அரசு வக்கீல். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பதிலோடு வரச் சொல்லி மாஜிஸ்திரேட் அடுத்த கோப்பை எடுத்தார்.

வராந்தாவில் காற்றே இல்லை. அனிருத் கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டு அவளிடம் பேசினான்.

"ஆன்ட்டி, 'இல்ல'ன்னு ஒரே வேர்டு சொல்லுங்க. அவ்ளோதான். கேஸ் ட்ரயலுக்குப் போயிடும். பத்து வருஷம் ஆகும், மேலயும் ஆகும். அதுக்குள்ள மேகலாவுக்கு ஷாதி, கல்யாணமே ஆயிடும்."

"நான் எடுத்தேனே தம்பி."

"அது எல்லாருக்கும் தெரியும் ஆன்ட்டி. பாயிண்ட் அது இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே யோசனை அதுதான். இல்லை என்றே சொல்லிவிடு என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? ஆமாம் என்றால் அன்றைக்கே போலீஸ் வேன். மேகலா சற்றுத் தள்ளிச் சுவரில் சாய்ந்து, கையிலிருந்த புத்தகத்தைப் பிரிக்காமலே நின்றுகொண்டிருந்தாள். சந்திரம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"இல்லீங்க. நான் எதையும் எடுக்கல."

தட்டச்சுக்காரர் பொத்தானை அழுத்தினார். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. அறை முழுவதும் ஒரு நிம்மதி பரவியது. அரசு வக்கீல் கோப்பைக் கட்டினார், அவருக்கும் பசி. மாஜிஸ்திரேட் மாதாந்திர அறிக்கையில் ஒன்று குறைந்ததைப் பற்றிக் கொஞ்சம் வருத்தப்பட்டிருக்கலாம், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அதுவரை இந்தியில் அவளை 'தும்' என்றவர், 'ஆப்' என்று மரியாதையாக, நீங்கள் போகலாம் என்றார். ரீடர் கைநாட்டு வைக்க நாற்காலியை இழுத்துப் போட்டார். எட்டு மாதத்தில் அந்த அறையில் யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை. அடுத்த தாரீக், அதாவது வாய்தா, நான்கு மாதம் கழித்து. ஜாமீன் அப்படியே தொடரும் என்றார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். அனிருத் சந்தோஷமாகக் கைகுலுக்கிவிட்டு வேறு அறைக்கு ஓடினான்.

மூவரும் பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். ஜெயில் இல்லை, பெண் தனியாக இல்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். சந்திரம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"நான் எடுத்தது ஜட்ஜு ஐயாவுக்குத் தெரியும் இல்ல சார்?"

தெரியும் என்றேன்.

"வக்கீல் தம்பிக்கும் தெரியும். அந்த சர்க்கார் வக்கீலுக்கும் தெரியும்."

எல்லோருக்கும் தெரியும் என்றேன்.

"அப்ப யாருக்கு சார் நான் பொய் சொன்னேன்?"

நாடாளுமன்றக் கேள்விகளுக்கே பதில் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது பஸ் ஸ்டாப் பலகையில் இருந்த எண்களைப் படித்துக்கொண்டிருந்தேன். மேகலா பஸ் வருகிறதா என்று பார்க்கிற சாக்கில் முன்னால் போய் நின்றுகொண்டாள். சந்திரம்மாள் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"புடிபட்டு வூட்டுக்கு வந்த அன்னிக்கு இவ மூஞ்சிய நேராப் பாத்து, ஆமாண்டி, எடுத்தேன், தப்புதான்னு சொன்னேன் சார். இன்னிக்கு இவளப் பாக்க முடியல."

பஸ் வந்தது. மேகலா ஓடி ஏறி இரண்டு இடம் பிடித்து, ஒன்றில் புத்தகத்தை வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். சந்திரம்மாள் வண்டியின் முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீடு வரும்வரை நின்றுகொண்டே வந்தாள்.